பூட்டிய கல்லூரியில் பாடிய ரேடியோ

1943-ம் ஆண்டு.

பரீட்சை எழுதிவிட்டு ஒரு மாணவர் வெளியே வந்தார். சாதாரணப் பரீட்சை அல்ல. ஆளையே பிழிந்து எடுத்துவிட்ட பரீட்சை!

இப்படிப்பட்ட நாளில் மற்ற மாணவர்கள் என்ன செய்வார்கள்? இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். அல்லது சினிமாவுக்குப் போவார்கள்.

இவர் நேராகக் கல்லூரி ரேடியோ நிலையத்துக்குப் போனார். ஜெர்மனி தந்த இசைமேதை பீதோவனின் இசைத்தட்டுகளை எடுத்து அடுக்கினார். முதலாவது சிம்பனியை வைத்தார். அது முடிந்ததும் இரண்டாவது. பிறகு மூன்றாவது. இப்படியே ஒன்பது சிம்பனிகளையும் ஒலிபரப்பிவிட்டுத்தான் எழுந்தார்!

சிம்பனி என்பது பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைக்கோவை. பீதோவன் இயற்றிய ஒன்பதையும் கேட்டு முடிக்க ஏறக்குறைய 6 மணி நேரம் வேண்டும். அந்தக் காலத்து இசைத்தட்டோ ஒரு பக்கத்துக்கு 4 அல்லது 5 நிமிடந்தான் ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாணவர் 80 தடவையாவது தட்டைத் திருப்பியும் மாற்றியும் வைத்திருக்க வேண்டும்!

அமெரிக்காவில், பாஸ்டன் நகரை ஒட்டியுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. அன்று முதல் அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டது. பரீட்சைக் காலம் வந்தால், ஒரே இசைமேதையின் பாட்டுகளை மணிக்கணக்காக, நாள்கணக்காக ஒலிபரப்புவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "ஆர்ஜி". குடித்துக் கும்மாளம் போடுவதைக் குறிக்கும் சொல் அது. பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். அவர்கள் குடிப்பது சங்கீதத்தை மட்டுமே!

சுவருக்குள் ஓடிய பாட்டு

கல்லூரி ரேடியோ பிறந்த கதையும் சுவையானது.

1936-ம் ஆண்டு, அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஆபிரகாம், டேவிட் போர்ஸ்ட் என்று இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். விடுதிக் கட்டிடங்களைச் சூடாக்குவதற்காகப் பூமிக்கு அடியில் நீராவிக் குழாய்கள் போகும் சுரங்கங்கள் உண்டு. அவற்றின் வழியாக இவர்கள் கம்பி இழுத்தார்கள். கட்டிடத்தின் கம்பிகளிலேயே குறைந்த சக்தி ரேடியோ அலைகளைச் செலுத்தினார்கள். விடுதிக்குள் ரேடியோ வைத்திருப்பவருக்குப் பாட்டு கேட்கும். தெருவுக்கு வந்தால் கேட்காது!

இந்த வித்தை மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. ஹார்வர்டு மாணவர்கள் 1940-ல் தொடங்கினார்கள். 1957-ல் எப்.எம். ஒலிபரப்புக்கு வந்தார்கள். அதன் பிறகு விடுதிச் சுவரைத் தாண்டி, பாஸ்டன் நகரம் முழுவதும் அவர்கள் குரல் கேட்டது. டபிள்யூ.எச்.ஆர்.பி. என்பது நிலையத்தின் பெயர். அலைவரிசை 95.3.

நிலையத்தை நடத்துகிறவர்கள் மாணவ மாணவிகள். பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். அறிவிப்பதும் அவர்கள்தான். செலவுக்கு விளம்பரம் பிடிப்பதும் அவர்கள்தான். காலையில் ஜாஸ் என்னும் நீக்ரோவர் வளர்த்த இசை என்று அந்நாளில் எழுதுவார்கள்; கறுப்பு இன மக்கள் உலகத்துக்குத் தந்த இசை என்று சொல்வதே சரி. பிற்பகல் முதல் இரவு வரை சாஸ்திரீய சங்கீதம். ஊர் உறங்கிய பிறகு ராக் இசை.

நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களின் ரேடியோவும் புகழ் பெற்றது. எப்.எம். முறையைக் கண்டுபிடித்த ஆர்ம்ஸ்ட்ராங், பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகம் அது. ஒவ்வொரு டிசம்பர் மாதக் கடைசியிலும் இவர்கள் பாக் என்ற இசைமேதைக்கு விழா எடுப்பார்கள். நம் சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் களைகட்டும் அதே நாட்கள்! பகலும் இரவும் பாக், பாக், பாக்! டிசம்பர் 31-ந் தேதி நள்ளிரவில்தான் விழா முடியும். அவர் மறைந்தது 1750-ல். அவருக்காக 20 வயதுப் பிள்ளைகள் கண் விழிக்கிறார்கள்!

ஐந்தே நாள் கெடு

2020-ம் ஆண்டு பிறந்தது. பீதோவனுக்கு அது 250-வது ஆண்டு. 1770 டிசம்பர் 17-ந் தேதி, ஜெர்மனியில் பான் நகரத்தில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. உலகம் முழுவதும் விழா ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் கொரோனா வந்தது.

மார்ச் 10-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. ஹார்வர்டு மாணவர்களுக்கு உத்தரவு வந்தது. "ஞாயிற்றுக்கிழமைக்குள் விடுதியைக் காலி செய்யுங்கள்!"

ஐந்தே நாள் கெடு. புத்தகங்களைக் கட்டினார்கள். நண்பர்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். விமானத்தைப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மார்ச் 12-ந் தேதி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் இசை நாடக அரங்கம் மூடப்பட்டது. அதே நாளில் பிலடெல்பியா நகர இசைக்குழு, காலி நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்து பீதோவனின் ஐந்தாவது, ஆறாவது சிம்பனிகளை வாசித்தது! வாசித்தவர்களுக்குக் கைதட்ட ஆள் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் இன்டர்நெட் மூலம் கேட்டார்கள்.

மண்டபங்கள் மூடிவிட்டன. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு ரேடியோ ஒன்றுதான் துணை என்ற நிலை. ஆனால் அந்த ரேடியோவில் பேச வேண்டிய பிள்ளைகள் எங்கே? ஆயிரம் மைல்களுக்கு அப்பால், அவரவர் அம்மா வீட்டில்!

துணி அலமாரிக்குள் ஒரு ஸ்டூடியோ

"நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போனால் என்ன? கொரோனா போன பிறகு திறந்துகொள்ளலாமே!" என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் ஒரு ரேடியோ நிலையம் மௌனமானால், 10 நாட்களுக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்கு மேல் போனால் அனுமதி வாங்க வேண்டும். தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பாமல் இருந்தால் லைசென்சே காலாவதியாகிவிடும். ஹார்வர்டில் கதவைத் திறந்து எல்லா மாணவர்களையும் திரும்ப அழைக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே கல்லூரி ரேடியோ மாணவர்கள் ஊர் ஊராக ஒரு தந்திரம் செய்தார்கள்.

துணிகள் தொங்கும் அலமாரிக்குள் புகுந்துகொள்வது! எதிரொலியைத் துணிகள் உறிஞ்சிவிடும். குரல் ஸ்டூடியோவில் பேசியதுபோலத் தெளிவாக விழும். கையில் ஒரு லேப்டாப் அல்லது செல்போன். "இப்போது நீங்கள் கேட்கப் போவது..." என்று பேசிப் பதிவு செய்வார்கள். அதைப் பாட்டுடன் கோத்து இன்டர்நெட்டில் நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஆள் இல்லாத நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டர் அவற்றை வாங்கி, நேரம் தவறாமல் ஒவ்வொன்றாக ஒலிபரப்பும். மணிக்கு ஒரு தடவை நிலையத்தின் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

சங்கடங்களும் இருந்தன. பல்லாண்டுகளாகச் சேர்த்த இசைத்தட்டுகள் எல்லாம் பூட்டிய நிலையத்துக்குள் மாட்டிக்கொண்டன. வீட்டில் கிடைத்ததைக் கொண்டுதான் சமைக்க வேண்டும். இன்னொன்று, அலமாரிக்குள் இருந்து பேசுகிறவருக்குக் கேட்கிறவர் தெரியமாட்டார். நேரடி ஒலிபரப்பில் யாராவது போன் செய்து, "தம்பி, இந்தப் பாட்டு யார் வாசித்தது?" என்று கேட்பார்கள். பதிவு செய்த நிகழ்ச்சிக்கு யார் போன் செய்வது? செய்தாலும் எடுப்பதற்கு அங்கே ஆள் ஏது?

காசா, பாட்டா?

கல்லூரி ரேடியோவுக்குக் கொரோனாவுக்கு முன்பே ஆபத்து இருந்தது. "மாணவர்கள் எல்லாம் செல்போனில் பாட்டுக் கேட்கிறார்கள். இந்த அலைவரிசையை விற்றால் என்ன?" என்று சில கல்லூரி நிர்வாகங்கள் நினைத்தன. நினைத்ததோடு நிற்கவில்லை.

ஹூஸ்டன் நகரத்தில் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்களின் ரேடியோ 95 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. 2011-ல் கை மாறியது. அதே ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவிலும், நாஷ்வில் நகரத்திலும் மாணவர் ரேடியோக்கள் அலைவரிசையை இழந்தன.

வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று அலைவரிசைகளிலும் பிறகு வந்தது சாஸ்திரீய சங்கீதம்தான்! மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பீதோவனை உள்ளே அழைத்தார்கள். பீதோவனாவது நிலைத்தாரா? ஹூஸ்டனில் சில ஆண்டுகளில் அந்த அலைவரிசை ஒரு மத ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நாஷ்வில்லில் 2020 நவம்பரில், கொரோனாவுக்கு நடுவிலேயே, சாஸ்திரீய சங்கீதத்தை எடுத்துவிட்டுப் புதுமை இசை நிலையம் ஆக்கிவிட்டார்கள். ரைஸ் மாணவர்கள் மட்டும் விடாப்பிடியாக இருந்து, 2015-ல் குறைந்த சக்தி எப்.எம். ஒன்றைப் பெற்று மறுபடியும் வானில் ஏறினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்!

இதையெல்லாம் பார்த்திருந்த மாணவர்கள்தான் அலமாரிக்குள் புகுந்தார்கள். வாய் மூடிக் கிடக்கும் நிலையத்தின் மேல் யார் கண் வேண்டுமானாலும் விழலாம் அல்லவா?

கை மாறும் வித்தை

ஆனால் பாட்டு நிற்காமல் காப்பாற்றியதோடு கவலை தீர்ந்துவிடவில்லை. இன்னொரு பெரிய கவலை இருந்தது.

சாஸ்திரீய சங்கீதத்தை ஒலிபரப்புவது லேசான காரியம் அல்ல. சினிமாப் பாட்டு மூன்று, நான்கு நிமிடத்தில் முடியும். சிம்பனி அப்படி அல்ல. ஒரு பகுதி முடிந்து அமைதியாகும். மறுபடி தொடங்கும். முடிந்துவிட்டது என்று எண்ணி அறிவிப்பாளர் வாயைத் திறந்தால் போச்சு! சில இடத்தில் ஊசி விழும் சத்தம்போல மெல்லியதாக இருக்கும். அடுத்த நிமிடம் இடி இடிக்கும். ஒலி அளவை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். பெயர்களோ பல்லை உடைக்கும். செக்கோஸ்லோவாகியா என்று முன்பு வழங்கிய பகுதியில் பிறந்த ஓர் இசைமேதையின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் "துவொராக்" என்று வரும். சொல்ல வேண்டியது "துவொர்ஷாக்".

இவற்றை எல்லாம் புத்தகத்தில் படிக்க முடியாது. மூத்த மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஹார்வர்டு ரேடியோவில் சேர விரும்புகிறவர் முதலில் பயிற்சி பெற்றுத் தேற வேண்டும் என்ற விதியே இருக்கிறது.

கல்லூரியில் ஒரு தலைமுறை என்பது நான்கே ஆண்டு. 2021 செப்டம்பரில் ஹார்வர்டுக் கதவுகள் எல்லோருக்கும் திறந்தபோது நிலைமையைப் பாருங்கள். நான்காம் ஆண்டு மாணவர், ஒன்றரை ஆண்டு நிலையத்தில் பழகியவர். மூன்றாம் ஆண்டு மாணவர், கதவு மூடுவதற்கு முன் ஆறு மாதம் பழகியவர். இரண்டாம் ஆண்டும் முதலாம் ஆண்டும்? பழைய வழக்கப்படி நிலையத்தில் பழகும் வாய்ப்பே கிடைக்காதவர்கள்! இன்னும் ஓர் ஆண்டு பூட்டிக் கிடந்திருந்தால், முழுதாகத் தெரிந்தவர் ஒருவர்கூட மாணவர்களில் மிஞ்சியிருக்கமாட்டார். 1940-ல் தொடங்கிய சங்கிலி அறுந்திருக்கும்.

என்னைக் கேட்டால், லைசென்சு போயிருந்தால்கூட ரைஸ் மாணவர்களைப்போல வேறொன்று வாங்கியிருக்கலாம். கற்றுக்கொடுக்கும் ஆளை எந்தக் கடையில் வாங்குவது?

அதே 2021 செப்டம்பர் 27-ந் தேதி, ஒன்றரை ஆண்டாக மூடிக் கிடந்த மெட்ரோபாலிட்டன் அரங்கமும் இசை நாடகத்துக்காகத் திரையைத் தூக்கியது. பீதோவனின் ஊரான பான் நகரத்தில், 2020-ல் முடிய வேண்டிய 250-ம் ஆண்டு விழாவை அந்தச் செப்டம்பர் வரை நீட்டித்திருந்தார்கள்.

இந்தக் கல்லூரி ரேடியோக்களை நம் வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட்டில் கேட்கலாம். காசு இல்லை. ஹார்வர்டு நிலையத்தில் சாஸ்திரீய சங்கீதம் வார நாட்களில் பிற்பகல் 1 மணிக்குத் தொடங்குவது வழக்கம். அப்போது நமக்கு இரவு 10½ மணி. அவர்கள் ஊரில் குளிர்காலம் என்றால் 11½ மணி. கொலம்பியா நிலையத்தில் ஞாயிறு மாலைகளில் "ராக் அவுர் தால்" என்ற பெயரில் நம் நாட்டுச் சங்கீதமும் உண்டு. அதைக் கேட்க நினைப்பவர்கள் திங்கட்கிழமை விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்!