ஆனையிறவு: உவர்நீர் தேடி வரும் பறவைகள்

ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் செல்பவர்கள் பரந்தனைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ஆனையிறவை அடைகின்றனர். வீதியின் இருபுறமும் நிலம் தாழ்ந்து நீர்ப்பரப்பாகி விரிய, உவர்க்காற்று முகத்தில் படுகிறது. தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் போர் நினைவுச் சின்னங்களின் அருகே தரித்துச் செல்கின்றன. நம்மவர்களின் வாகனங்கள் பெரும்பாலும் தரிப்பதில்லை. 1990ஆம் ஆண்டு வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வேரூன்றிய முஸ்லிம் குடும்பங்கள் சொந்த ஊரைப் பார்க்க வரும்போதும், மீளக்குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கொழும்பு சென்று திரும்பும்போதும் இந்த இடத்தை மௌனமாகவே கடந்து போகின்றன. ஆனையிறவு என்றதும் 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளே நினைவுக்கு வருவதால் அந்த மௌனம் வியப்புக்குரியதன்று.

ஆயினும் அதே நீர்ப்பரப்பில், ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை, இலங்கையின் மிகச் சிறந்த பறவைக் காட்சிகளில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதைக் காண நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. வாகனத்தை ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் போதும்.

யானைகள் இறங்கிக் கடந்த துறை என்பதே இவ்விடத்தின் பெயர்க் காரணம். வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் இந்த ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்ட யானைகளை வாங்க கோல்கொண்டாவிலிருந்து முஸ்லிம் வணிகர்கள் வந்து சென்றமை வரலாறு. ஊர்காவற்றுறை ஐரோப்பியர் வாயில் ‘கயிற்ஸ்’ ஆனதற்கும் யானைகளைக் கப்பலேற்றிய துறை என்ற போர்த்துக்கேயப் பெயரே மூலம் என்பர். யானை பிடிப்பதில் கைதேர்ந்த பணிக்கர்கள் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த முஸ்லிம் குடிகளைச் சேர்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி விரிவாக எழுதிய எமர்சன் டெனன்ட் அவர்களது துணிவை வியந்து பதிவு செய்திருக்கிறார். வன்னித் தமிழரின் காடும் முஸ்லிம்களின் தொழில்திறனும் சந்தித்த துறை இது என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி. போருக்கு முன்னர் இங்கிருந்த பழைய ஒல்லாந்தர் கோட்டை வாடிவீடாக விளங்கியது. நீரேரியைப் பார்த்தபடி இறால் கறியுடன் உணவருந்தியதை முதியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். அந்தக் கட்டடம் போரில் அழிந்து போயிற்று.

பறவைகள் ஏன் இங்கு வருகின்றன என்பதை விளங்கிக்கொள்ள இங்குள்ள தண்ணீரை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். வீதிக்கு மேற்கே இருப்பது கடலோடு தொடர்புள்ள யாழ்ப்பாணக் கடல்நீரேரி. கிழக்கே சுண்டிக்குளம் வரை நீள்வது ஆனையிறவுக் கடல்நீரேரி. இரணைமடுவைக் கடந்து வரும் கனகராயன் ஆறு கிழக்கு நீரேரியில் வந்து விழுகிறது. மாரி மழையில் நன்னீர் பெருகி உவர்ப்புத் தணிகிறது. தை மாதத்துக்குப் பின் மழை ஓய்ந்ததும் வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, ஏரி நாளுக்கு நாள் சுருங்கி உவர்ப்பேறுகிறது. கோடையில் பல இடங்களில் வெண்ணிற உப்புப் படிந்த வெறுந்தரையே எஞ்சும். ஒரே ஆண்டுக்குள் நன்னீர், உவர்நீர், வெறுந்தரை என்று மூன்று நிலைகளைக் காணும் இந்த மாற்றமே இங்குள்ள உயிர்வளத்தின் ஆதாரம்.

இதற்கு உப்பளமும் துணை நிற்கிறது. உப்பு விளைவிப்பதில் உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றப்பட்டு, படிப்படியாகச் செறிவேறி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் படிகிறது. முதற் பாத்திகளில் மீன் குஞ்சும் இறாலும் வாழும். செறிவேறிய பாத்திகளில் அவை மடிந்துவிட, உப்பைத் தாங்கும் நுண்ணிய உப்புநீர் இறால்களும் சில பூச்சிகளும் மட்டும் பெருந்தொகையாகப் பெருகும். மீன்களின் போட்டி இல்லாத அந்த உணவு பறவைகளுக்கே உரியதாகிறது.

அந்த விருந்தின் முதன்மை விருந்தாளி பூநாரை. நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கைக் குழாய்ப் பம்பி போல இயக்கி நீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பல் போன்ற அமைப்பில் நுண்ணுயிர்கள் சிக்கிக்கொள்கின்றன. அதன் இளஞ்சிவப்பு நிறம் பிறவியில் வந்ததன்று. உண்ணும் உணவிலுள்ள நிறப்பொருளே இறகில் ஏறுகிறது. இந்தியாவில் இப்பறவை பெருந்தொகையாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ராண் உவர்நிலம். 1940களில் அங்கு சென்று அந்தப் ‘பூநாரை நகரை’ ஆராய்ந்து எழுதியவர், பறவையியலின் தந்தை என்று இந்தியாவே போற்றும் சாலிம் அலி. பம்பாயின் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து, பத்து வயதளவில் தாம் சுட்டு வீழ்த்திய ஒரு குருவி என்ன இனமென்று அறியும் ஆவலில் தொடங்கிய அவரது வாழ்வு, 1987இல் மறையும் வரை பறவைகளோடே கழிந்தது.

பூநாரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, திருவிழாவுக்குப் போய்த் தேரை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பானது. கால் நீளமான பவளக்கால் உள்ளான் சற்று ஆழத்திலும், கட்டைக்கால் உப்புக்கொத்திகள் ஈரச் சேற்றிலும் இரை தேடும். கரண்டிவாயன் அலகைப் பக்கவாட்டில் வீசி நீரைத் துழாவும். ஊசிவால் தாராக்கள் நடுநீரில் தலைகுப்புறக் கவிழ்ந்து மேயும். அவரவர் காலுக்கும் அலகுக்கும் ஏற்ற ஆழத்தில் இரை இருப்பதால், ஒரே ஏரியில் இத்தனை இனங்கள் சண்டையின்றி உண்கின்றன. இவற்றுள் கொசு உள்ளான் என்னும் சிறு பறவையின் எடை ஏறத்தாழ 30 கிராம் மட்டுமே. அது சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டு, மத்திய ஆசிய வான்வழியாக இங்கு வந்து சேர்கிறது. மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்திவிடப்பட்ட கடற்காகங்கள் வடதுருவத்தை ஒட்டிய பகுதி வரை பறந்து சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

பறவை பார்க்க ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. நீர் சுருங்கச் சுருங்கப் பறவைகள் ஓரிடத்தில் கூடும். காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் நல்லது. காலையில் மேற்குப் பக்கத்தையும் மாலையில் கிழக்குப் பக்கத்தையும் நோக்கி நின்றால் வெயில் முதுகில் விழும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். ஏ-9 வீதியில் வாகனங்கள் விரைவாதலால் பிள்ளைகளைக் கையில் பிடித்திருத்தல் அவசியம். கூட்டத்தைப் பறக்கவைத்துப் படம் எடுப்பதற்காகக் கல்லெறிவதும், ட்ரோன் விடுவதும் பெருங்கேடு. பங்குனியில் அவை வடக்கு நோக்கிய பயணத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கும் காலம். ஒவ்வொரு கலைப்பும் அந்தச் சேமிப்பில் கைவைப்பதாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. இப்பகுதி கண்ணிவெடிகள் செறிந்திருந்த நிலம். அருகிலுள்ள முகமாலையில் வெடிகளை அகற்றும் பணி போர் முடிந்த பின்னரும் பல்லாண்டுகள் நீடித்தது. ஆகவே பாவனையிலுள்ள வீதியையும் பாதையையும் விட்டு ஒரு அடியேனும் விலகக் கூடாது. நல்ல படத்துக்காகப் பற்றைக்குள் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

கிழக்கே சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 ஜூன் மாதம் அது விரிவாக்கப்பட்டுத் தேசிய பூங்காவாக வர்த்தமானியில் வெளியானது. பரப்பு 19,565 ஹெக்டேர். காகிதத்தில் இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் போரால் இடம்பெயர்ந்து மீண்டு வந்து, அதே நீரேரியில் இறாலும் மீனும் பிடித்துச் சீவிப்பவர்களுக்கு, பூங்கா எல்லைக்கல் என்பது இன்னொரு வேலியாகவே தோன்றுகிறது. காணிகளை இழந்த அனுபவம் உள்ள மக்களிடம், கலந்து பேசாமல் வரையப்படும் எந்தக் கோடும் ஐயத்தையே எழுப்பும். இந்த ஐயத்தைச் சூழலியல் அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று.

ஒடிசாவின் சிலிகா ஏரிக் கரையிலுள்ள மங்களாஜோடிக் கிராமத்தை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். ஒரு காலத்தில் அவ்வூரார் வலசைப் பறவைகளைப் பெருமளவில் வேட்டையாடி விற்றவர்கள். 2000ஆம் ஆண்டளவில் அவர்களே பறவைப் பாதுகாப்புக் குழுவொன்றை அமைத்தனர். வேட்டைக்குப் பயன்பட்ட அதே படகுகளும், எந்தப் பறவை எங்கே தங்கும் என்ற அதே அறிவும் இன்று வழிகாட்டித் தொழிலுக்குப் பயன்படுகின்றன. ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் இறால் பிடிப்பவரைவிட அந்த நீரை அறிந்தவர் வேறு எவர்? பூங்காவின் வழிகாட்டிகளும் படகோட்டிகளும் அவர்களாகவே இருக்க வேண்டும். கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கு அவர்களது சங்கங்களுக்குச் சேர வேண்டும். இதை வனஜீவராசிகள் திணைக்களம் மட்டும் தனித்துச் செய்ய இயலாது. பிரதேச சபைகளும் முன்வர வேண்டும்.

இன்னொரு கேள்வி இதைவிடப் பெரியது. குடாநாட்டுக்கு நன்னீர் வழங்க, ஆனையிறவு நீரேரியையே நன்னீர்த் தேக்கமாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொண்டு செல்லும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ எனப் பெயர்பெற்ற அத்திட்டம் பகுதியாகத் தொடங்கப்பட்டு நிறைவுபெறாமல் நிற்கிறது. கிணறுகள் உவர்த்துப் போகும் ஊரில் வாழும் எவரும் அதன் நியாயத்தை மறுக்க மாட்டார்கள், நாமும் மறுக்கவில்லை. ஆனால் தெற்கே பூந்தலவில் நடந்ததை அறிந்திருத்தல் நன்று. 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்ட அங்கு, நீர்ப்பாசனத் திட்டங்களின் கழிவு நன்னீர் களப்புகளில் வந்து சேர, உவர்ப்புக் குறைந்தது. பேர்பெற்ற பூநாரைக் கூட்டங்கள் அருகிப்போயின. பறவை கேட்டது தண்ணீரை அல்ல, உப்புத் தண்ணீரை.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டிருப்பதால், பழைய கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்துள்ளது. முழு ஏரியையும் நன்னீராக்க வேண்டுமா, ஒரு பகுதியை உவராகவே விட்டுவைக்க முடியுமா, உப்பளத்தின் கதி என்ன என்ற கேள்விகளுக்கு நீர்ப்பாசனத் திணைக்களமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் சேர்ந்து விடை தேடலாம். அதற்கு முதலில் மாதந்தோறும் பறவைகளை எண்ணிப் பதிவு செய்ய ஆட்கள் வேண்டும். பளை, பரந்தன், கிளிநொச்சிப் பாடசாலைகளின் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வெளிக்களப் பயிற்சி இருக்க முடியாது. ஒரு தொலைநோக்கி, ஒரு கொப்பி, சனிக்கிழமைக் காலைகள் இரண்டு என்பதே அதற்கான செலவு.

யாழ்தேவியில் செல்பவர்களும் யன்னலோரம் அமர்ந்தால் ஒரு கண்ணோட்டம் கிடைக்கும். 2014 முதல் புகையிரதம் மீண்டும் இவ்வழியே ஓடுகிறது. நின்று பார்க்க விரும்புவோர் தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொண்டுவர வேண்டும், ஏனெனில் கரையில் நிழல் தரும் மரம் அரிது. சாப்பாட்டுப் பொதியின் தாளையும் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். சித்திரை பிறந்ததும் கொசு உள்ளான்கள் புறப்படத் தொடங்கிவிடும்.