சக்கரமும் இடைத்தட்டும்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருப்பர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் வழியில் ஒரு நாள் நேர்ந்த நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. ஆதலின், மோட்டார்ச் சக்கரம் பற்றித் தமிழாசிரியன் எழுதப் புகுந்தது என்னையோ என அன்பர்கள் வியவாதிருப்பார்களாக.

நம் பழைய மாணவர் ஒருவர், தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பண்டாரவளையில் ஒரு கராஜில் மெக்கானிக்காகத் தொழில் செய்கிறார். பல்லாண்டு சேமிப்பைக் கொண்டு பழைய சுபாரு இம்பிரெஸா கார் ஒன்றை வாங்கி, தம் கையாலேயே அதனைப் புதுக்கியிருந்தார். அன்று தம் தாயாரைப் பதுளை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்பவர், வழியில் நின்ற நம்மைக் கண்டு, “ஏறுங்க சேர்” என்றார். கார் கும்பல்வெலைச் சந்தியைக் கடந்தது. தெமோதரையை அண்மியபோது முன் இடப்புறத்திலிருந்து ‘கடக், கடக்’ என ஓர் ஓசை எழுந்தது. ஸ்டியரிங் நடுங்கியது. தம்பி உடனே ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்திருந்த ஐந்து நட்டுக்களில் ஒன்று காணப்படவில்லை. மற்றும் இரண்டு விரலால் திருப்பவே சுழன்றன. வீதியின் மறுபுறம் பள்ளத்தாக்கு. தாயார் ஒன்றும் பேசவில்லை.

சக்கரத்தைக் கழற்றியபோது, ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே 5 மில்லிமீற்றர் கனமுள்ள அலுமினியத் தட்டு ஒன்று இருந்தது. “இது என்ன தம்பி?” என்றோம். “ஸ்பேசர் சேர். புது ரிம் கலிப்பரில் முட்டியது. விற்றவரே இதையும் தந்தார்” என்றார். இடைத்தட்டு என நாம் இதனை வழங்குவோம். அதன் இயல்பை அன்று தொட்டுப் பல கராஜ்களில் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

இளைஞர் ஏன் இதனை நாடுகின்றனர் என்பதை முதற்கண் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி தடைப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களே பொன்னாகப் போற்றப்பட்டன. அவற்றுக்கு அழகூட்டவும், அகன்ற ரயர் பூட்டி வளைவுகளில் பிடிப்பைக் கூட்டவும் விரும்புவோர், கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் பழைய அலோய் ரிம்களைத் தேடி வாங்குகின்றனர். ரிம் வேறொரு காருக்கென வார்க்கப்பட்டதாயின் அது பொருந்தாது. பொருந்தாததைப் பொருத்த இடைத்தட்டு வருகிறது.

ரிம் ஒன்றை வாங்குமுன் அதன் இலக்கங்களைப் படித்தறிதல் வேண்டும். தம்பியின் காரோடு வந்த மூல ரிம் 16 அங்குல விட்டமும் 6.5 அங்குல அகலமும் உடையது. ஐந்து ஆணிகளும் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கும். அதன் ஒஃப்செற் 53. ஒஃப்செற் எனப்படுவது, ரிம்மின் அகலத்தை நடுவே பிளக்கும் கோட்டுக்கும், ஹப்பின்மீது அமரும் முகத்துக்கும் இடைப்பட்ட தூரம். இத்தொகை மிகுந்தால் சக்கரம் உள்ளே ஒடுங்கும். குறைந்தால் வெளியே தள்ளும். புதிய ரிம்மோ 17 அங்குலம், 7.5 அகலம், ஒஃப்செற் 48. அதனோடு 5 மில்லிமீற்றர்த் தட்டும் சேர, ஒஃப்செற் 43 ஆகிறது; அதாவது 10 மில்லிமீற்றர் வெளியே. அகலத்தில் கூடிய ஓர் அங்குலத்தின் பாதி 12.7. ஆகவே ரிம்மின் வெளிவிளிம்பு 22.7 மில்லிமீற்றர் வெளியேறிவிட்டது. ஐந்து மில்லிமீற்றர்த் தட்டுத்தானே என எண்ணியவர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

இனி, சக்கரத்தைப் பிடித்திருப்பது யாது? ஆணிகளே காரின் பாரத்தைத் தாங்குகின்றன எனப் பலர் கருதுகின்றனர், நாமும் கருதியிருந்தோம். அஃது உண்மையன்று. வகுப்பில் மாணவன் ஒருவன் ஐந்தாறு புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு பக்கமும் கைகளால் அழுத்தி, ஒன்றும் விழாமல் தூக்குவதை யாவரும் கண்டிருப்போம். புத்தகங்களைக் கட்டிய கயிறு எதுவுமில்லை. அழுத்தமும், அதனாற் பிறந்த உராய்வுமே அவற்றைத் தாங்குகின்றன. சக்கரமும் அவ்வாறே. 12 மில்லிமீற்றர் ஆணி ஒன்றின் நட்டை 100 நியூட்டன் மீற்றர் அளவுக்கு முறுக்கினால், அது ஏறத்தாழ நான்கு தொன் விசையுடன் ரிம்மை ஹப்போடு அழுத்துகிறது. ஐந்தும் சேர்ந்து இருபது தொன். இவ்வழுத்தம் உள்ளவரை ரிம் அணுவளவும் நழுவாது. அழுத்தம் தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நழுவும். நழுவ நழுவ நட்டு கழலும். பாரம் ஆணியின்மேல் விழும். கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து முறிப்பது போல, ஆணி நாட்பட முறியும்.

இடைத்தட்டு என்பது அவ்வரிசையில் இன்னுமொரு புத்தகம். தட்டு சமனாகக் கடைந்ததாயின் குற்றமில்லை. துருவேறிய ஹப்பின்மேல் வைத்தாலோ, தட்டின்மேல் பெயின்ற் பூசியிருந்தாலோ, ஓட்டத்தில் அப்படலம் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு நட்டு தளரும். மூடுபனியும் மழையும் மிக்க நம் மலைநாட்டில் ஹப்பில் துரு ஏறாதிருப்பது அரிது. கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய பின்னரே எதனையும் மாட்டவேண்டும். தம்பியின் ஹப்பில் தேயிலைச் சாயம் போல் துரு படிந்திருந்தது.

தட்டு செய்த பெருங்கேடு வேறு. ஆணியின் நீளத்தில் 5 மில்லிமீற்றரை அது விழுங்கிவிட்டது. இக்காரின் ஆணியில் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர் புரி. ஆகவே நான்கு சுற்றுக்கள் போயின. ஆணியின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமேனும் நட்டு இறங்கவேண்டும் என்பது விதி. 12 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழப் பத்துச் சுற்று. வீதியோரத்தில் நாம் எண்ணிப் பார்த்தோம்: ஆறே சுற்று! கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. எண்ணத் தெரிந்தவர் எவரும் செய்யலாம். விற்றவர் செய்யவில்லை.

மற்றொன்றும் உண்டு. ஹப்பின் நடுவே சிறு விளிம்பு ஒன்று வெளியே நீண்டிருக்கும்; இக்காரில் அதன் விட்டம் 56.1 மில்லிமீற்றர். ரிம்மின் நடுத்துளை அதன்மேல் அமர்ந்தே சக்கரம் மையங்கொள்ளும். நம் முன்னோர் வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்றனர். குடம் அச்சில் செவ்வே அமராத வண்டி ஆடும். சந்தையில் வரும் ரிம்கள் பல கார்களுக்கும் ஆகும்படி 73.1 மில்லிமீற்றர் போன்ற பெருந்துளையுடன் வருகின்றன. இடைவெளியை நிரப்ப வளையம் ஒன்று இடவேண்டும். தம்பியின் சக்கரத்தில் வளையமும் இல்லை. தட்டின் துளையும் பெரிது. நடுக்கத்துக்கு அதுவே தோற்றுவாய்.

சமநிலத்தில் ஓடும் கார் இத்தனை குற்றங்களோடும் சில காலம் ஓடக்கூடும். ஊவாவின் இறக்கங்கள் பொறா. ஹப்புத்தளையிலிருந்து பதுளை வரை பிரேக்கை மிதித்து வருவோர், இறங்கியதும் சக்கரத்தருகே கை வைத்தால் அனலை உணர்வர். அவ்வெப்பம் டிஸ்க்கிலிருந்து ஹப்புக்கும் தட்டுக்கும் ஆணிக்கும் பரவும். அலுமினியம் உருக்கைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும், குளிர்ந்தால் சுருங்கும். சரியாக முறுக்கிய நட்டு இதனைத் தாங்கும். ஆறு சுற்றில் தொங்கும் நட்டு என் செய்யும்! உமணர் தம் உப்பு வண்டியின் கீழ் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் பாடியுள்ளார். பள்ளத்தில் இறங்குகையிலும் மேட்டில் ஏறுகையிலும் என்ன நேருமோ என அஞ்சிய வண்டிக்காரரின் அறிவு அது.

அப்படியாயின் இடைத்தட்டே ஆகாதா? நாம் அவ்வாறு சொல்லோம். 20 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் கனமுள்ள தட்டுக்களில் தனி ஆணிகள் பதித்த வகை உண்டு. தட்டு காரின் ஆணிகளில் தனி நட்டுக்களால் இறுகும். ரிம் தட்டின் ஆணிகளில் இறுகும். நல்ல அலுமினியக் கலவையில் கடைந்து, ஹப்பின் விளிம்புக்கு ஒத்த துளையும், ரிம்முக்கு ஒத்த புதிய விளிம்பும் உடையதாயின் அது நம்பத்தக்கது. மெல்லிய தட்டே வேண்டுமெனில், பழைய ஆணிகளைக் கழற்றி நீண்ட ஆணிகளை அழுத்திப் பதித்தல் வேண்டும். எதுவாயினும் முறுக்கு அளவுகோலால், ஒன்றுவிட்டு ஒன்றாக, காரின் கைந்நூலில் சொன்ன அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் பார்க்கவேண்டும். நட்டின் அடியும் ரிம்மின் குழியும் ஒத்திருத்தல் வேண்டும். ஹொண்டாவின் மூல ரிம்களில் குழி உருண்டையானது. கடையில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் கூம்பானது. ஒன்றின் நட்டை மற்றதற்கு இட்டால் முறுக்கியும் பயனில்லை.

நற்றட்டிலும் ஒரு விலை உண்டு. சக்கரம் வெளியேறிய அளவுக்கு நெம்புகோல் நீள்கிறது. பெயாரிங் முன்னதாகத் தேயும். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையை வெட்டி இழுக்கும். தோட்டத்து வீதிகளில் குழிக்குப் பஞ்சமில்லை.

நம் மாணவரிற் சிலர்க்குக் கார்ப் பந்தயத்தில் ஆசை மிகுதி. நுவரெலியா மகாகஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றப் பந்தயம் நடந்துவந்துள்ளது. நம் மாவட்டத்திலேயே தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் மண் தடம் உள்ளது. அங்கு 2024 ஏப்ரல் 21 அன்று கார் ஒன்று தடம் விலகி ஏழு உயிர்களைக் கொண்டது. அதற்கு இடைத்தட்டைக் காரணமாக நாம் கூறவில்லை. கட்டுப்பாடிழந்த காருக்கு முன் நிற்பவர் எவர் என்பதை நினைவூட்டவே சொன்னோம்.

தம்பி அந்த ரிம்களை விற்றுவிட்டார். ஐந்து ஆணிகளையும் மாற்றி, மூல ரிம்களையே மீண்டும் மாட்டியுள்ளார். கலிப்பரில் முட்டாத வேறு ரிம் தேடிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் மீண்டும் அக்காரில் பதுளைக்கு வந்தோம். தாயார் முன்னிருக்கையில் இருந்தார். கும்பல்வெலை தாண்டியதும் மகனைத் திரும்பிப் பார்த்து, “நட்டெல்லாம் முறுக்கிட்டியாப்பா?” என்றார்.