பனிக்காலத்தில் மோட்டார் வண்டியின் வெப்பக் காவல்



மார்கழி மாதத்து விடியற்காலையில் திருவெம்பாவைப் பூசைக்குச் செல்லும் யாழ்ப்பாணத்தவர், "என்ன கூதல்!" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது வழக்கம். அந்தக் கூதலை வெப்பமானியால் அளந்தால் 22 அல்லது 23 பாகை செல்சியசு இருக்கும். ரொறன்ரோவில் வாழும் நம் உறவினரோ, பனிக்காலத்தில் மோட்டார் வண்டிக்குள் ஏறியதும் அதே 22 பாகையை வேண்டித்தான் ஒரு பொத்தானை அழுத்துகின்றனர். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை. நாம் போர்வை தேடும் வெப்பநிலை அவர்களுக்குப் பெருஞ்சுகம்.

விரும்பிய வெப்பநிலையைக் குறித்துவிட்டால், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் தானே கலந்து, விசிறியின் வேகத்தையும் தானே தீர்மானித்து அந்நிலையைக் காக்கும் அமைப்பையே தன்னியக்க வளிச்சீராக்கி என்கிறோம். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளில் அது அறிமுகமாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாண வீதிகளுக்கு வந்து சேர்ந்த யப்பானிய வண்டிகள் பலவற்றிலும் அது உண்டு. ஆயினும் இங்கே அதற்குக் குளிரூட்டும் வேலை ஒன்றே. அதன் முழு இயல்பையும் அறிய வேண்டுமாயின் பனி விழும் நாட்டில் அது நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தல் வேண்டும்.

யான் இயந்திர நூல் கற்றவன் அல்லேன், கலைப்பட்டதாரி. என்னிடம் பயின்று பின்னர் கனடாவிலும் நோர்வேயிலும் குடியேறியோர் ஊருக்கு வரும்போது சொல்லும் முறைப்பாடுகளே என்னை இதில் ஈடுபடுத்தின. "வண்டியை இயக்கிச் சில நிமிடங்கள் ஆகியும் காற்றே வருவதில்லை, பிறகு திடீரென்று புயல்போல் வீசுகிறது" என்பார் ஒருவர். "உறைபனிக் காலத்தில் ஏ.சி. விளக்கு எரிகிறதே, இதென்ன மூடத்தனம்?" என்பார் மற்றொருவர். வண்டி பழுதென்று எண்ணித் திருத்துமிடத்துக்குக் கொண்டு சென்றவர்களும் உண்டு. உண்மையில் அங்கே பழுது ஒன்றும் இல்லை.

பெற்றோல் இயந்திரம் எரிக்கும் எரிபொருளின் சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. அவ்வெப்பத்தை ஏற்று இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீரை, வண்டியின் உள்ளே இருக்கும் ஒரு சிறு குழாய்த் தொகுதிக்குள் செலுத்தி, அதன் மேலாகக் காற்றை ஊதினால் சூடான காற்று கிடைக்கும். ஆதலால் இந்த வெப்பம் இலவசமானது; ஆனால் உடனே கிடைப்பதன்று. இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியில் அந்த நீரும் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும். (அது உறைந்து கட்டியாகாதிருக்கவே கிளைக்கோல் என்னும் திரவத்தைச் சேர்க்கின்றனர்.) அந்நேரத்தில் விசிறியை முழுவேகத்தில் விட்டால், பயணிகளின் முகத்தில் அறைவது பனிக்காற்றே. தன்னியக்க அமைப்பு நீரின் வெப்பநிலையை ஓர் உணரியினால் அறிந்து, அது போதிய அளவு சூடேறும்வரை விசிறியை அடக்கி வைக்கிறது. மெல்லிய காற்றொன்றை மட்டும் முன்கண்ணாடிக்கு அனுப்பும். நீர் சூடேறியதும் விசிறி விரைந்து சுழன்று, வெப்பத்தைக் காலடிக்குச் செலுத்துகிறது. சூடான காற்று மேலெழும் இயல்புடையதன்றோ!

இங்கே பொறுமை இழந்தோர் 22இல் இருந்த எண்ணை 28 ஆக்குகின்றனர். அதனால் ஒரு நிமிடமேனும் மிச்சமாவதில்லை. நீர் சூடேறும் வேகம் இயந்திரத்தைப் பொறுத்தது, பொத்தானைப் பொறுத்ததன்று. யாழ்தேவியில் காங்கேசன்துறைக்குச் சீட்டு எடுத்தவர், யாழ்ப்பாணத்துக்குச் சீட்டு எடுத்தவரிலும் முந்தி யாழ்ப்பாணத்தை அடைவதில்லை. பத்து நிமிடம் கழித்து வியர்த்துப்போய் எண்ணைக் குறைக்க வேண்டியதுதான் மிச்சம்.

இனி, கூதலில் ஏ.சி. எதற்கு என்னும் கேள்வி. இதுவே யான் சற்று விரித்துரைக்க விரும்பும் பகுதி. ஏனெனில் இதில் உயிர் தங்கியிருக்கிறது. வளிச்சீராக்கி என்பது குளிரூட்டுவதற்கென்றே பிறந்ததன்று. 1902ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநகரின் புறூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரத்தினால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம் பிசகிப் பதிந்தன. அதைத் தீர்க்கவே வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் தம் கருவியை வகுத்தார். குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை ஓடவிட்டால், காற்றிலுள்ள நீராவி அக்குழாய்களின் மேல் நீராகப் படிந்துவிடும். காற்று உலர்ந்து வெளிவரும்.

ஒரு கன மீற்றர் காற்று 20 பாகையில் ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூச்சியப் பாகையில் 5 கிராமே தாங்கும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் 2 கிராமுக்குச் சற்றே கூட. நால்வர் கதவுகளைச் சாத்திக்கொண்டு ஒரு வண்டியில் அமர்ந்தால், ஒவ்வொருவரும் மூச்சினாலும் தோலினாலும் மணிக்கு 40 கிராம் அளவு நீரை வெளிவிடுகின்றனர். சப்பாத்தில் ஒட்டி வந்த பனியும் உருகி அதனோடு சேர்கிறது. கண்ணாடியோ உறைநிலையில் இருக்கிறது. அந்த ஈரம் அதன் உட்புறத்தில் மூட்டமாகப் படிந்து, முன்னே செல்லும் வண்டியையும் வீதியைக் கடக்கும் பிள்ளையையும் மறைத்துவிடும். ஆகவே அமைப்பு முதலில் காற்றைக் குளிரவைத்து உலர்த்தி, அதன் பின்னரே சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. எரிபொருள் மிச்சம் என்றெண்ணி ஏ.சி.யை நிறுத்துவோர், கைலேஞ்சியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டுகின்றனர். சிக்கனம் நல்லதுதான், பார்வையை விற்று வாங்கும் சிக்கனம் எதற்கு?

வெளியே வெப்பநிலை உறைநிலையை நெருங்கினால் அந்த அமுக்கி பெரும்பாலும் தானே ஓய்ந்துவிடும். ஓடினால் குழாய்களிற் படியும் நீர் உறைந்து காற்றின் வழியை அடைத்துவிடுமன்றோ. அப்பொழுது கண்ணாடியைக் காப்பது எது? வெளிக்காற்றேதான். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக் காற்றை உள்ளிழுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால், அது தாங்கக்கூடிய ஈரத்தில் எட்டில் ஒரு பங்கே அதில் இருக்கும். ஈரத்தை அது பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழலவிடும் பொத்தானைப் பனிக்காலத்தில் நெடுநேரம் அழுத்தி வைக்கலாகாது என்பது இதனாலேயே. ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மாமாரும் அப்பாமாரும், "தம்பி, வெளிக்காத்து வராமல் பூட்டிவிடு" என்று சொல்வது இயல்பு. அந்த ஒன்றில் மட்டும் பிள்ளை அவர்கள் சொற் கேளாதிருத்தல் நலம்.

முன்கண்ணாடியின் அடியில் வெளிக்காற்று புகும் துவாரங்கள் உள்ளன. அவற்றின் மேல் குவிந்த பனியை அகற்றாமல் புறப்பட்டால் மேற்சொன்ன ஏற்பாடெல்லாம் வீண். புகைக்குழாயைச் சுற்றிய பனியையும் அகற்ற வேண்டும். அது அடைபட்டிருக்க, வெப்பத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே அமர்ந்திருப்பது பேராபத்து. காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய கொட்டகையில் வண்டியை ஓடவிடுவதும் அத்தகையதே.

சிறிய செய்தி ஒன்று. பல வண்டிகளில் முன்தட்டின் மேல் பொத்தான் அளவில் ஒரு வெயில் உணரி உண்டு. வெயில் ஏறினால் வெப்பத்தைக் குறைக்கவும், முகில் மறைத்தால் கூட்டவும் அது உதவுகிறது. நம்மவர் பிள்ளையாரை எழுந்தருளச் செய்யும் இடமும் அம்முன்தட்டே. பிள்ளையார் உணரியின் மேலேயே அமர்ந்துவிட்டால், நல்ல வெயிலிலும் வண்டி இருளென்று எண்ணிக்கொள்ளும். நாலு அங்குலம் தள்ளி எழுந்தருளப்பண்ணினால் இருவருக்கும் இடைஞ்சலில்லை.

மின்சார வண்டிகளின் கதை வேறு. நோர்வேயில் 2024ஆம் ஆண்டில் விற்பனையான புதிய வண்டிகளிற் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை மின்சாரத்தில் ஓடுபவை. அவற்றில் வீணாகும் வெப்பம் குறைவு. சூட்டுக்கும் பற்றரியையே நாட வேண்டியிருப்பதால் ஓடும் தூரம் குறைகிறது. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தையே உள்ளே இறைத்துத் தரும் வெப்பப் பம்பி பலவற்றில் உண்டு. வீட்டு மின்சாரத்தில் பூட்டியிருக்கும்போதே வண்டியைச் சூடாக்கிவிட்டுப் புறப்படுவது அங்குள்ளோர் கைக்கொள்ளும் வழி.

இனி நம் வீதிக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்தித்துறை வீதியில் வண்டி ஓட்டுவோருக்கும் மூட்டம் புதிதன்று. ஆனால் இங்கே அது இரு பக்கமும் வரலாம். ஏ.சி. இல்லாமல் கதவுகளைச் சாத்தி ஓட்டினால் உட்புறத்தில் வரும், அதற்கு ஏ.சி.யைப் போடுவதே மருந்து. ஏ.சி.யை மிகக் குளிரவைத்து, அக்காற்றைக் கண்ணாடிமேல் விட்டாலோ, வெளியேயுள்ள ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியிற் பட்டு வெளிப்புறத்தில் வேர்க்கும். அப்பொழுது குளிரை இன்னும் கூட்டுவோர் மூட்டத்தையும் கூட்டுகின்றனர். வெப்பநிலையை இரண்டு மூன்று பாகை உயர்த்தி, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, துடைப்பானை ஒருமுறை ஓடவிட்டால் போதும். எந்தப் பக்கத்து மூட்டம் என்று ஐயம் தோன்றினால் வண்டியை ஓரமாக நிறுத்தி, உட்புறத்தில் விரலால் ஒரு கோடு கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது.