தேடாதவரைத் தேடிச் செல்லுதல்

புத்தொழில் நிறுவனம், அதாவது ஸ்டார்ட்அப் என்று பரவலாக அறியப்படும் இளம் நிறுவனம், தன் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னும் எவர் கண்ணிலும் படாமல் போவதற்கு விளம்பரப் பணப் பற்றாக்குறையே காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. பணம் செலவிட்டும் விளம்பரம் பலிக்காத டிராப்பாக்ஸின் தொடக்கக் காலம் இந்த விளக்கம் போதாது என்பதைக் காட்டுகிறது.

ட்ரூ ஹூஸ்டனும் அராஷ் ஃபெர்டோசியும் 2007-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்நிறுவனம், ஒருவருடைய கோப்புகளை அவருடைய எல்லாக் கணினிகளிலும் தானாகவே ஒன்றுபோல வைத்திருக்கும் மென்பொருளை 2008 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டு, அக்கால வழக்கப்படி கூகுளின் தேடல் விளம்பரங்களை நாடியது. ஒரு சொல்லைத் தேடுவோரின் திரையில் இடம்பெறுவதற்காக நிறுவனங்கள் ஏலம் கேட்டு, விளம்பரம் சொடுக்கப்படும்போதெல்லாம் கட்டணம் செலுத்துவதே தேடல் விளம்பரம். ஆண்டுக்கு 99 டாலர் விலையுள்ள சேவைக்கு ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க 233 முதல் 388 டாலர் வரை செலவானது.

நேரடியாகப் பொருந்தும் சொற்களின் ஏல விலையைப் பிற நிறுவனங்கள் முன்பே உயர்த்தியிருந்தன. மலிவான சொற்களையோ தேடுவாரில்லை. இதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. கோப்பைத் தமக்குத் தாமே மின்னஞ்சல் செய்தும் பென்டிரைவில் எடுத்துச் சென்றும் பழகியிருந்த மக்கள் அதை ஒரு குறையாகவே கருதவில்லை என்பதால், அதற்கான தீர்வையும் தேடவில்லை. தேடல் விளம்பரம் முன்பே விளைந்திருக்கும் தேவையை அறுவடை செய்யுமேயன்றி, விதைக்காது.

தேவையை விதைத்தவை வேறு வழிகளே. வெளியீட்டுக்கு முன்பே, 2008-இல், மென்பொருளின் செயல்பாட்டைக் காட்டும் சிறு காணொளி ஒன்று டிக் என்னும் செய்திப் பகிர்வுத் தளத்தில் பரவி, காத்திருப்போர் பட்டியலை ஒரே இரவில் 5,000-லிருந்து 75,000-ஆக உயர்த்தியிருந்தது. அத்தளத்தாருக்கு மட்டுமே புரியும் குறும்புக் குறிப்புகளை அதில் ஒளித்துவைத்தது, எந்த விளம்பர முகமையும் கற்றுத்தராத சாமர்த்தியம். பின்னர், நண்பரை அழைத்துவந்தால் இருவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் தரும் பரிந்துரைத் திட்டம் வந்தது. இணையப் பணப்பரிமாற்ற நிறுவனமான பேபால் முன்பு இதே நோக்கத்துக்கு ரொக்கம் கொடுத்திருக்க, டிராப்பாக்ஸ் தன் கையிலிருந்த சரக்கையே கொடுத்தது. 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சமாகப் பெருகினர்.

இத்திட்டத்தைப் பார்த்துப் பின்பற்றிய நிறுவனங்கள் பல. ஆனால் அவை கவனிக்கத் தவறும் கூறு ஒன்று இவ்வளர்ச்சியில் உள்ளது. 2010 தொடக்கத்தில் அன்றாடம் புதிதாகச் சேர்ந்தோரில் 35 விழுக்காட்டினர் பரிந்துரை வழியாகவும், 20 விழுக்காட்டினர் பகிரப்பட்ட கோப்புறைகள் முதலியவற்றின் வழியாகவும் வந்தனர். கோப்புறையைப் பகிர்வதற்கு மறுமுனையில் இருப்பவருக்கும் டிராப்பாக்ஸ் கணக்கு வேண்டும் என்பதால், மென்பொருளைப் பயன்படுத்துவதே பிறருக்கு அறிமுகம் செய்வதாகவும் அமைந்தது. தனியொருவர் தமக்குள்ளேயே பயன்படுத்தி முடிக்கும் வருமானவரிக் கணக்கு மென்பொருள் போன்றவற்றுக்கு இவ்வழி திறப்பதில்லை. அவற்றின் பரிந்துரைப் பரிசு எவ்வளவு பெரியதாயினும், அதைப் பற்றிப் பேசுவதற்கான தருணம் பயனருக்கு அரிதாகவே வாய்க்கிறது.