ஓடை கடக்கும் வாகனத்துக்கு ஒரு மூச்சுக்குழாய்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கியது. கண்டி மாவட்டத்தில் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் ஏராளமான குடும்பங்கள் வீட்டையும் காணியையும் விட்டு வெளியேற நேர்ந்தது. இடம்பெயர்ந்த விவசாயிக்குத் தங்குமிடம் ஓரிடம். மிளகும் மரக்கறியும் நிற்கும் காணி வேறோரிடம். இடையில் ஓடைகளும் சப்பாத்துப் பாலங்களும் குறுக்கிடுகின்றன. பல குடும்பங்கள் சேர்ந்து பயன்படுத்தும் பழைய லாண்ட்ரோவரோ ஜீப்போ தண்ணீரில் நின்று எஞ்சின் உடைந்தால், ஒரு போகத்தின் வருமானமே அதற்குப் போய்விடும். இதைத் தவிர்க்க உதவும் 'ஸ்நோர்கல்' எனப்படும் உயரமான காற்றுக்குழாயைக் குறைந்த செலவில் செய்யும் முறையை இங்கு பார்ப்போம்.

எஞ்சின் ஏன் உடைகிறது?

எஞ்சினுக்கு எரிபொருளோடு காற்றும் வேண்டும். உள்ளே வரும் காற்றைப் பிஸ்டன் இறுக்குகிறது. டீசல் எஞ்சினில் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். தண்ணீரோ சுருங்காது. சில மேசைக்கரண்டித் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் புகுந்தாலும் பிஸ்டன் இடையில் தடைப்பட்டு, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். ஆகவே காற்று புகும் வாயைத் தண்ணீருக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஒல்லாந்துக் கடற்படையினர் நீர்மூழ்கிக் கப்பல்களில் செய்ததும் இதுதான்.

செய்யும் முறை

1. காற்று வடிகட்டிப் பெட்டியின் வாயை அளந்துகொள்ளுங்கள். குழாயின் உள்விட்டம் அதைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டி, இழுவை குறைந்து, கரும்புகை தள்ளும்.

2. சைலன்சருக்குப் பயன்படும் மெல்லிய இரும்புக் குழாய் நல்லது. எஸ்லோன் குழாய் மலிவானதுதான். ஆனால் சூட்டில் இளகிவிடும். அதனை வெளிப்புறத்துக்கு மட்டும் பயன்படுத்தி, பொனட்டுக்குள் இரும்புக் குழாயும் தடித்த றப்பர்க் குழாயும் வையுங்கள்.

3. குழாயை மட்கார்ட் வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடித் தூணோடு கூரை மட்டம்வரை ஏற்றி, இரண்டு இடங்களில் இறுகப் பிடிக்கச் செய்யுங்கள். சாரதியின் பார்வை மறையக் கூடாது. எஞ்சின் அதிர்வதால் இடையில் ஒரு றப்பர்த் துண்டு அவசியம். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

4. மேல்வாய்க்கு மழை விழாதபடி காளான் வடிவ மூடியும் கம்பி வலையும் போடுங்கள்.

5. ஒவ்வொரு மூட்டிலும் சிலிக்கன் பூசி, கிளிப் போட்டு இறுக்குங்கள். வடிகட்டிப் பெட்டியின் அடியில் நீர் வடியும் துளை இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அதை அடைக்காவிட்டால் குழாய் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை.

சோதித்துப் பாருங்கள்

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மேல்வாயை ஒரு தட்டையான பலகையால் மூடுங்கள். சில நொடிகளில் எஞ்சின் நிற்க வேண்டும். தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்றுக் கசிகிறது. காற்றுப் புகும் இடத்தில் தண்ணீரும் புகும். கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை ஓடைக்குள் இறங்க வேண்டாம்.

குழாய் மட்டும் போதாது

ஓடிச் சூடேறிய அக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது, தன் காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அத்துளைக்கு மெல்லிய குழாய் பொருத்தி மேலே எடுத்துவிடலாம். பழைய லாண்ட்ரோவர்களின் கிளச் பெட்டியடியில் உள்ள துளைக்கு, நீரில் இறங்குமுன் அடைப்பான் போட்டு, பின்னர் கழற்றிவிட வேண்டும். பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி தரும் பாகங்கள் நனைந்தாலே வண்டி நின்றுவிடும்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் சாவியைத் திருப்பவே கூடாது. வண்டியை வெளியே இழுத்து, இன்ஜெக்டர்களை அல்லது பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். எண்ணெய் பால் தேத்தண்ணீர் நிறமாக இருந்தால் அதை மாற்றிய பின்னரே இயக்குங்கள். ஓடையைக் கடந்த ஒவ்வொரு முறையும் பிரேக்கைச் சோதியுங்கள்.

எப்போது கடக்கக் கூடாது?

பழைய லாண்ட்ரோவர் டிஃபென்டருக்கு உற்பத்தியாளர் குறித்த ஆழ எல்லையே அரை மீற்றர்தான். வண்டி கிளப்பும் அலைக்கும், சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கும் பாதுகாப்பாகவே குழாய் உதவுகிறது. ஆழத்துக்குப் போக அது அனுமதியல்ல. ஓடும் நீர் 30 சென்ரிமீற்றர் இருந்தாலே சிறு காரை நகர்த்தும். 60 சென்ரிமீற்றர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். மண்சரிவு கண்ட பாதையில் போக்குகளின் அடிமண் அரிக்கப்பட்டிருக்கலாம். கலங்கல் நீருக்கு அடியில் அது தெரியாது. கொத்மலை அணையின் கதவுகள் திறந்தால், மழை பெய்யாத வேளையிலும் கம்பளை, பேராதனைப் பக்கம் மகாவலி உயரும். எச்சரிக்கைகளைக் கவனியுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னரே ஊரவர்கள் கூடி, கடவைக்கு அருகிலுள்ள பாறையில் வெள்ளைக் கோடு ஒன்று தீட்டிவையுங்கள். உங்கள் வாகனத்தின் சக்கர நடுமட்டத்துக்கு மேல் நீர் வராத அளவில் அது இருக்கட்டும். நீர் கோட்டைத் தொட்டாலோ, தொடாதபோதும் வேகமாக ஓடினாலோ, சாரதி எவ்வளவு திறமையானவராயினும் வண்டி இறங்கக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். மிளகு இன்னும் ஒரு நாள் கொடியில் நிற்கும்.