நிழல் வேலியில் டிசம்பர் பூ

'வேப்பமர நிழலில், வேலியோரம் வைத்த டிசம்பர் செடி தழைத்து நிற்கிறது. மார்கழி வந்தும் பூக்கவில்லை. ஏன்?' என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் இதற்குக் காரணம், மாதம் தவறிக் கவாத்து செய்வதுதான். டிசம்பர் பூ, கனகாம்பரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. புதுக்கிளைகளின் நுனியில்தான் அதிகம் மொட்டு கட்டும். தீபாவளிக்கு வேலியைச் சுத்தம் செய்கிறோம் என்று நுனியை வெட்டினால், அந்த ஆண்டுப் பூவும் அதோடு போய்விடும். நானும் ஒரு வருடம் இப்படி வெட்டிவிட்டேன். அந்த மார்கழியில் ஒரு முழம்கூடத் தேறவில்லை.

பூ ஓய்ந்ததும், மாசியில் ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். ஆடியில் நுனியை மட்டும் கிள்ளினால் பக்கக்கிளைகள் பெருகும். ஆவணிக்குப் பிறகு கத்தரி படக்கூடாது.

புதிதாக வைப்பவர்கள், மழைக்காலத்தில் அரை அடிக் குச்சிகளை ஊன்றி, வேர் பிடித்ததும் இரண்டடி இடைவெளியில் நடலாம். குழிக்கு இரண்டு கை மக்கிய தொழுஉரம் போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தினமும் மூன்று, நான்கு மணி நேரம் வெயில் விழும் அரைநிழல் போதும். அடர்நிழலாக இருந்தால், மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

மணம் இல்லாத பூதான். ஆனால், மல்லிகை வரத்து குறையும் பனிக்காலத்தில், வீட்டுத் தேவை போக விற்கவும் சில முழம் கிடைக்கும்.