‘போனஸ்’ என்றொரு வாய்ப்பூட்டு

தீபாவளியை ஒட்டி வாங்கிய கார்களுக்கெல்லாம் பாலிசி புதுப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. வந்திருக்கும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன: இன்சூரன்ஸுக்குத்தான் ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்களே, ஏஜென்ட் ஏன் இன்னமும் கேட்கிறார்? ஏஜென்ட் கேட்பது சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் வரி நீங்கியது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு மட்டும். காருக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அறிவிப்பின் ஆரவாரத்தில் அந்த ‘மட்டும்’ காதில் விழாமல் போனது வாசகர்களின் குற்றமல்ல.

நெல்லை பேட்டையிலிருந்து வந்த கடிதம் வேறு ரகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது, ஜங்ஷன் பக்கம் நிறுத்தியிருந்த இவருடைய கார் மூழ்கிவிட்டது. கிளெய்ம் கிடைத்தது. அடுத்த ஐப்பசியில் பாலிசியைப் புதுப்பிக்கப் போனால், அதுவரை இருந்த 50 சதவீத என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ்) தள்ளுபடி அடியோடு காணோம். “வண்டி சும்மா நின்னுச்சு. ஆத்துல தண்ணி வந்தா அதுக்கு நானா பொறுப்பு?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஆனால் என்.சி.பி. யார் மேல் தப்பு என்று பார்ப்பதே இல்லை. ஒழுங்காக ஓட்டுபவருக்குக் கிடைக்கும் பரிசு என்றுதான் இதைச் சொல்லி விற்கிறார்கள். உண்மையில் இது விபத்து நேராதவருக்கான பரிசல்ல. நேர்ந்தாலும் பணம் கேட்காதவருக்கான தள்ளுபடி. கேட்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50. ஒருமுறை கேட்டால் மறுபடி பூஜ்யம்.

இதன் சூட்சுமம் கணக்கில் இருக்கிறது. தள்ளுபடிக்கு முன் உங்கள் சொந்தச் சேத பிரீமியம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். 50 சதவீதம் போக 6,000 கட்டி வருகிறீர்கள். டவுன் ரதவீதி நெரிசலில் ஆட்டோ உரசி பம்பர் உடைகிறது, பில் 8,000. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி. மீதி 4,000த்தில் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000 போனால், கைக்கு வருவது 3,000.

இனி அடுத்த ஐந்து ஆண்டுகளைப் பாருங்கள். 6,000 கட்ட வேண்டிய நீங்கள் 12,000, 9,600, 9,000, 7,800, 6,600 என்று கட்டுவீர்கள். கூடுதலாகப் போவது 15,000. கார் பழசாக ஆக பிரீமியம் இறங்கும் என்பதால் இது கொஞ்சம் குறையலாம். அதன் மேல் ஜி.எஸ்.டி. ஏறும். எப்படிப் பார்த்தாலும் மூவாயிரத்துக்காகப் பல ஆயிரம் போகிறது. சின்னச் சேதத்தையெல்லாம் நம் கைக்காசில் சரிசெய்யவைத்துவிட்டு, அதற்கு ‘போனஸ்’ என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். ஆகவே கிளெய்ம் போடுமுன் ஏஜென்டிடம் இந்த ஐந்தாண்டுக் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெள்ளத்தில் முழுகிய காருக்கு இந்தத் தயக்கமே வேண்டாம். பேட்டை வாசகர் கேட்டு வாங்கியது சரி.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. 50 சதவீதம் என்றால் மொத்த பில்லில் பாதி அல்ல. தள்ளுபடி சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும்தான்; தேர்ட் பார்ட்டி தொகையை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு 3,416 ரூபாய். பத்து வருஷம் கீறல் விழாமல் ஓட்டியவருக்கும் அதே தொகைதான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

காரை விற்றால் என்.சி.பி. வாங்குபவருக்குப் போகுமா? போகாது, அது உங்களுடையது. சான்று வாங்கிவைத்தால் அடுத்த காருக்கு உதவும்.

புதுப்பிக்கத் தாமதமானால்? 90 நாள் தாண்டினால் என்.சி.பி. போச்சு.

தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ எடுத்தால் என்.சி.பி. தப்புமா? தப்பாது, அதற்குத் தனிப் பாதுகாப்பு வாங்க வேண்டும்.

ஷோரூமிலேயே மூன்று வருஷத்துக்குக் கட்டியாச்சே? அது தேர்ட் பார்ட்டிக்கு. சொந்தச் சேதத்துக்கு எத்தனை வருஷம் என்று பாலிசியைப் பாருங்கள்.

சிவப்பு காருக்குக் கூடுதலா? இல்லை.

சென்னையில் பதிவான காரை நெல்லையில் ஓட்டினால்? பதிவான ஊர்தான் கணக்கு. சென்னை ‘ஏ’ மண்டலம், நெல்லை ‘பி’.

ஐ.டி.வி.யை (காரின் காப்பீட்டு மதிப்பை) குறைத்தால் லாபமா? கார் திருடுபோகும் வரை.

பாலிசி இல்லாமல் பிடிபட்டால்? முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

பேட்டை வாசகருக்கு: கடைசிப் பாலிசி ஆண்டில் நீங்கள் எதுவும் கேட்கவில்லை என்றால், இந்த ஐப்பசியில் 20 சதவீதம் திரும்ப வந்திருக்க வேண்டும். பணம் கட்டுமுன் அது பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.